காரில் கரகரக்கும் வானொலி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குக் குடும்பத்துடன் காரில் செல்வோர் பலரும் அறிந்த தொல்லை ஒன்றுண்டு. சமவெளியில் தெளிவாக ஒலித்த வானொலி, மலை ஏறத் தொடங்கியதும் கரகரக்கும். மழைக்காலத்தில் வானிலை அறிவிப்பைக் கேட்க விழைவோருக்கு இது சிறிய குறையன்று. உடனே பெட்டி பழுதென்று முடிவு கட்டிப் புதியது வாங்குவோரும் உளர். காரணம் அறியாது செய்யும் செலவு வீண்விரயமாகவே முடியும்.

முதலில் வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, வானொலியை மட்டும் இயக்கிப் பாருங்கள். கரகரப்பு நீடித்தால் என்ஜின் மீது குற்றமில்லை. எஃப்.எம். அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. மலை மறித்தால் வலுவிழக்கும். அடுத்த வளைவில் ஒலி தெளிந்தால் அது பழுதே அன்று. ஏ.எம். அலைகள் மலையை ஓரளவு வளைந்து கடக்கும். ஆனால் மின்னலும் மின்கம்பியும் எழுப்பும் இரைச்சல் அவற்றில் எளிதில் கலந்துவிடும். அவ்விரைச்சலை வெல்ல முனைந்த அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங், 1933ஆம் ஆண்டு எஃப்.எம். முறைக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் அம்முறை முதலில் ஒலித்தது 1977ஆம் ஆண்டு, நம் சென்னையில்தான்.

என்ஜின் ஓடும்போது மட்டும் இரைச்சல் எழுந்தால், அதன் ஓசையே காரணத்தைக் காட்டிக் கொடுக்கும். வேகத்திற்கேற்ப விரையும் 'டிக் டிக்' ஒலி, ஸ்பார்க் பிளக்கிலிருந்தோ அதன் வயரிலிருந்தோ வரலாம். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அங்கே வேறு காரணம் தேட வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்தச் சுருதி ஏறும் ஊளை, ஆல்டர்னேட்டரையோ தளர்ந்த எர்த் இணைப்பையோ சுட்டும். வைப்பர், மின்விசிறி ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். மலிவான செல்போன் சார்ஜரைக் கழற்றியதுமே இரைச்சல் ஓய்வதும் உண்டு.

அடுத்து, பெட்டியின் பின்புறமுள்ள ஏரியல் வயரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் அது ஏரியல் வழியே வந்தது. நீடித்தால் பெரும்பாலும் மின்சார வயர் வழியே வருகிறது. ஏரியலின் அடிப்பகுதியில் மழைநீரால் துரு ஏறியிருந்தால், அதைத் துடைத்து இறுக்குவதே போதுமானதாகலாம்.

இவ்வளவும் பார்த்த பின்னர் எலக்ட்ரீஷியனிடம் செல்லுங்கள். "ரேடியோ சரியில்லை" என்று மட்டும் கூறாது, இரைச்சல் எப்போது எழுகிறது, எப்போது அடங்குகிறது என்று எடுத்துரையுங்கள். அவருக்குப் பாதி வேலை குறையும். உங்களுக்குத் தேவையற்ற செலவும் மிஞ்சும்.