கிந்தா மணலும் அலைநீளம் மாற்றும் லேசரும்

ஆயர் தாவாரில் மிஞ்சியிருக்கும் கித்தாத் தோட்டங்களில் விடியுமுன் மரம் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கட்டுவது இப்போது எல்இடி விளக்கு. கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் அதை ஏற்றி அணைத்தால் சேதி அனுப்பலாம். டிவி ரிமோட்டிலுள்ள அகச்சிவப்பு எல்இடி செய்வதும் அதுதான். வீட்டுக் கூடத்துக்கு அது போதும், நெடுந்தூரத்துக்குப் போதாது. எல்இடி ஒளி பல அலைநீளங்களின் கும்பல். கண்ணாடி இழைக்குள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுவதால், அடுத்தடுத்துக் கிளம்பிய துடிப்புகள் போய்ச் சேர்வதற்குள் கலந்துவிடும். லேசரில் இந்தக் கும்பல் மிகவும் குறைவு.

கண்ணாடியின் அழுக்கை நீக்கினால் ஒளி வெகுதூரம் போகும் என்று சார்லஸ் காவ் 1966இல் கணக்குப் போட்டுக் காட்டினார். 2009இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய இழையில் 1550 நானோமீட்டர் ஒளி பாதியாகக் குறைவதற்கு 15 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆயர் தாவாரிலிருந்து சித்தியவானுக்கு அவ்வளவு தூரம்கூட இல்லை.

ஓர் இழையில் ஓர் அலைநீளம்தான் என்றில்லை. 0.8 நானோமீட்டர் இடைவெளி விட்டு நாற்பது தடங்கள் வரை ஒன்றாக ஓட்டலாம். ஆனால் தடத்துக்கு ஒரு லேசர் என்றால் உதிரிக்கு நாற்பது வகை வாங்கி வைக்க வேண்டும். அலைநீளத்தை மாற்றிக்கொள்ளும் லேசர் ஒன்று இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. தொலைபேசி நிலையங்களில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் சில்லு லேசர். இழை லேசருக்கு ஆய்வகமும் உணரிகளும்தான் களம். என்றாலும் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் உள்ளே நடப்பது புரியும்.

சில மீட்டர் இழையில் எர்பியம் என்ற அருமண் உலோகத்தைக் கலந்து, 980 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். எர்பியம் அதை விழுங்கி, 1530 முதல் 1565 வரையிலான ஒளியைக் கக்குகிறது. இழையை வளையமாக இணைத்து நடுவில் ஒரு வடிகட்டி வைத்தால், அது விடுகிற அலைநீளம் மட்டும் சுற்றிச் சுற்றி வலுத்து லேசராகிறது. வடிகட்டியைத் திருகினால் அலைநீளமும் நகரும். மலாயாப் பல்கலைக்கழக ஃபோட்டோனிக்ஸ் ஆய்வு மையம் இத்தகைய லேசர்கள் பலவற்றை உருவாக்கியிருக்கிறது.

கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் அரித்தபின் மிஞ்சிய 'அமாங்' மணலிலும் அருமண் உலோகங்கள் உண்டு. 1982இல் ஈப்போ பக்கம் புக்கிட் மேராவில் இயங்கத் தொடங்கிய ஆலை, அதிலுள்ள மோனசைட்டிலிருந்து அவற்றைப் பிரித்தது. கூடவே வந்த தோரியக் கழிவுக்கு எதிராக ஊர்மக்கள் நீதிமன்றம் வரை போனார்கள். கடைசியில் ஆலை மூடப்பட்டது. எர்பியம் கூடுதலாக இருப்பது அதே மணலின் இன்னொரு கனிமமான செனோடைமில். லேசர் இழைக்கு வேண்டியதோ பத்து லட்சத்தில் சில நூறு பங்கு எர்பியம்தான்.