தூக்குவது மோட்டார் இல்லை

டெக்சஸில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு மாலை. அக்கா காரை உள்ளே விட்டுவிட்டுச் சுவரில் இருந்த பொத்தானைத் தட்டினார். கராஜ் கதவு பாதி தூரம் இறங்கியது, என்ன நினைத்ததோ, திரும்ப மேலே ஏறிக்கொண்டது. கூரையில் தொங்கிய மோட்டார்ப் பெட்டியின் விளக்கு படபடவென்று சிமிட்டியது. இன்னொரு தட்டு, அதே கதை. “மோட்டார் போச்சு” என்றார் அத்தான். மோட்டார் போயிருந்தால் கதவு எப்படி மேலே ஏறும் என்று எனக்குத் தோன்றியது. அத்தானிடம் அதைச் சொல்லவா முடியும்?

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் வாசற்கதவுக்கு வேலையே கிடையாது. போக்குவரத்தெல்லாம் கராஜ் வழியாகத்தான். நாலைந்து நீளப் பலகைகளைக் கீல் போட்டுக் கோத்த கதவு, இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் சின்னச் சக்கரங்களில் ஓடி, மேலே வளைந்து, கூரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இப்படி மேலே ஏறும் கதவை 1921-இல் சி.ஜி. ஜான்சன் என்பவர் செய்தார். 1926-இல் அதைத் திறக்க மின்சார மோட்டாரையும் அவரே பூட்டினார்.

இரண்டு கார் நிற்கும் கராஜின் கதவு பொதுவாக 16 அடி அகலம், 7 அடி உயரம். எடை 60 கிலோவில் தொடங்கி 100 கிலோவையும் தாண்டும். மோட்டாரோ பெரும்பாலும் அரை எச்.பி.தான். நம்மூர்க் கடைக்காரர் காலையில் ஷட்டரை ஒரு கையால் சர்ரென்று மேலே தள்ளுகிறாரே, அவ்வளவு இரும்பும் அவர் தோள்பலத்தில் ஏறுவதில்லை. மேலே உருளைக்குள் முறுக்கி வைத்த ஸ்பிரிங்தான் பாரத்தைச் சுமக்கிறது. கராஜ் கதவிலும் அதே ஏற்பாடு. கதவுக்கு மேலே குறுக்காக ஓடும் கம்பியில் கனமான ஸ்பிரிங் முறுக்கேறி நிற்கும். எடையெல்லாம் அதன் பொறுப்பு. மோட்டார் செய்வது லேசாக இழுப்பதும் தள்ளுவதும் மட்டும்.

அதனால் கோளாறு மோட்டாரிலா கதவிலா என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். அதற்குத்தான் மோட்டாரோடு இணைந்த ஒரு சிவப்புக் கயிறு தொங்குகிறது. கதவு முழுக்க மூடியிருக்கும்போது அதை இழுத்தால் மோட்டாரின் பிடி விட்டுவிடும். பிறகு கையால் தூக்கிப் பாருங்கள். இடுப்பு உயரத்தில் விட்டால் கதவு அப்படியே நிற்க வேண்டும். சரசரவென்று கீழே வந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள். அந்தப் பாரத்தை இத்தனை நாள் மோட்டார் தலையில் கட்டியிருக்கிறோம். புது மோட்டார் வாங்கிப் போட்டாலும் அதற்கும் அதே கதிதான்.

அக்கா வீட்டுக் கதவு சொன்ன இடத்தில் நின்றது. சந்தேகம் கண்கள் பக்கம் திரும்பியது.

கதவின் இரண்டு ஓரங்களிலும் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் எதிரெதிராக இரண்டு கண்கள் இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பும், மற்றது வாங்கும். நடுவில் பூனையோ பந்தோ குறுக்கிட்டால் இறங்குகிற கதவு திரும்பிவிடும். தானியங்கிக் கதவுக்கு அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்த பிறகு வந்த ஏற்பாடு இது. 1993 முதல் தயாராகும் கருவிகளில் இதுபோன்ற பாதுகாப்பு இருந்தாக வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். கண் சரியாக இருப்பதற்கு அடையாளம், அதன் சின்ன விளக்கு அசையாமல் எரிவது. துடைப்பம் பட்டுக் கண் ஒரு பக்கம் திரும்பியிருக்கலாம், சிலந்தி வலை கட்டியிருக்கலாம், சுவரோடு ஓடும் மெல்லிய வயரை எலி கடித்திருக்கலாம். சுவர்ப் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் கதவு மூடுகிறதா? அப்படியானால் கோளாறு கண்ணில்தான்.

“காலையில் ஒழுங்காத்தானே மூடுது” என்றார் அக்கா. பிடி கிடைத்தது. கராஜ் மேற்குப் பார்த்தது. சாய்வெயில் வாங்கும் கண்ணில் நேராக விழுந்து, அதற்குத் தன் கதிர் எது வெயில் எது என்று தெரியாமல் போயிருந்தது. ஒரு அட்டையை எடுத்துப்போய் நிழல் பிடித்தேன். துடித்துக்கொண்டிருந்த பச்சை விளக்கு நின்று எரிந்தது, கதவு மறுபேச்சில்லாமல் இறங்கியது. மறுநாள் இரண்டு கண்களையும் பக்கம் மாற்றிப் பூட்டினோம். செலவு ஒன்றுமில்லை. அத்தான் மட்டும் கொஞ்சம் உற்சாகம் குறைந்து காணப்பட்டார்.

ரிமோட் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் பேட்டரி மாற்றுவதற்கு முன் சுவர்ப் பலகையில் ‘லாக்’ விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஊருக்குப் போகும்போது பத்திரத்துக்காக அழுத்திவிட்டு, திரும்பி வந்து மறந்துபோகிறவர்கள் நிறைய. பெட்டியில் புதிதாக எல்.இ.டி. பல்பு போட்ட நாளிலிருந்து ரிமோட்டின் எட்டும் தூரம் குறைந்ததா? சில மலிவுப் பல்புகள் கிளப்பும் மின்சார இரைச்சல் ரிமோட்டின் அலையை அமுக்கிவிடும். கழற்றிவிட்டு முயன்றால் தெரிந்துவிடும். 2004-இல் ஃபுளோரிடாவின் எக்லின் விமானப்படைத் தளத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் ரிமோட்டுகள் அடங்கிப்போனதுண்டு. தளத்தில் சோதித்த புது வானொலித் தொடர்பு அமைப்பும் பல கராஜ் ரிமோட்டுகளும் 390 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரே அலைவரிசையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

மோட்டார் ஓடுகிறது, கதவு நகரவில்லை, பெட்டிக்குள் வெள்ளைத் தூள் உதிர்ந்திருக்கிறது என்றால் நைலான் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. உம் என்று முனகிக்கொண்டு சுழலாமல் நின்றால் கெப்பாசிட்டர். இரண்டும் சின்னச் செலவுதான்.

கை வைக்கக் கூடாதது ஸ்பிரிங். சாதாரண ஸ்பிரிங்கின் ஆயுள் 10,000 முறை ஏறி இறங்குவது. நாளுக்கு நாலு முறை என்றால் ஏழு வருடம்கூட வராது. அறுந்தால் வெடிச்சத்தம் கேட்கும். சுருளின் நடுவே இரண்டு விரல் இடைவெளி தெரியும். கதவு திறந்திருக்கும்போது அறுந்திருந்தால் சிவப்புக் கயிற்றைத் தொடவே கூடாது. மொத்தக் கதவும் தலையில் வந்து இறங்கும்.

ஸ்பிரிங் மாற்ற வருகிற மெக்கானிக் இரண்டு இரும்புக் கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகிக் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்கேற்றுவார். ஏழடிக் கதவுக்குச் சுமார் முப்பது கால் சுற்று. அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள், எண்ணிக்கொண்டிருப்பார். முடிந்ததும் கதவை இடுப்புவரை தூக்கிக் கையை எடுத்துவிடுவார். அது அங்கேயே நின்றால்தான் கருவிகளைப் பைக்குள் போடுவார்.