அறையை வாடகைக்கு விடுமுன் பத்திரத்தைப் படியுங்கள்

அட்வான்ஸ் திரும்ப வரவில்லை. கரண்ட் பில்லை இஷ்டத்துக்குப் போடுகிறார்கள். காலி செய்யச் சொல்லியும் நகர மறுக்கிறார்கள். மாடி அறைத் தகராறு எதை எடுத்தாலும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேட்டால் இரு தரப்பும் பத்திரத்தை நீட்டுகிறார்கள். டைப்பிங் கடையில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி அடித்த அதே பதினோரு மாதப் பத்திரம். எதற்காகச் சண்டையோ, அது மட்டும் அதில் இருக்காது.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்தப் பதினோரு மாதக் கணக்கு. ஆனால் தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களுக்கு, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும். பதினோரு மாதமானாலும் அதை வாடகை அதிகாரியிடம் பதிந்தாக வேண்டும். இவ்வளவு ஆண்டுகளாகியும் இதை மக்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல அரசு அலுவலகங்கள் மெனக்கெடவில்லை என்பதே என் கோபம்.

நோட்டரி முத்திரை பதிவு ஆகாது. முத்திரைத்தாளில் எழுதியதாலேயே பதிவாகிவிடாது. வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய்த்துறை அலுவலர். இந்தப் பதிவுக்கென அரசு தனி இணையதளம் வைத்திருக்கிறது. விண்ணப்பித்தால் பதிவு எண் கிடைக்கும். கையெழுத்திட்ட ஒப்பந்தம், இருவரின் ஆதார், பான் விவரங்கள், வாடகைத் தொகை, காலம், அறையில் உள்ள சாமான்களின் பட்டியல் எல்லாவற்றையும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் ஒத்துழைக்காவிட்டால் குடியிருப்பவர் தனியாகவும் தாக்கல் செய்யலாம். பதியாத ஒப்பந்தம் வழக்கில் சாட்சியமாக நிற்காது. எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளாததே காலி செய்ய வைப்பதற்கு ஒரு காரணமாகச் சட்டத்தில் இருக்கிறது. "நமக்குள்ள என்னங்க பத்திரம்?" என்று சிரிப்பவர்கள் இதை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

இனி ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது? முதலில் மின்சாரம். தனி மீட்டரா, சப்-மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு, மோட்டார் ஓடும் செலவு யார் தலையில்? இவை தெளிவாக எழுத்தில் வேண்டும். அறை ஒப்படைக்கும் அன்று மீட்டர் காட்டும் எண்ணையும் குறித்துவிடுங்கள். அடுத்தது தண்ணீர்: லாரித் தண்ணீர் வாங்கினால் பங்கு எப்படி? கேட் பூட்டும் நேரம், இரவில் விருந்தினர் தங்குவது, வண்டி நிறுத்தும் இடம், அசைவம் சமைப்பது ஆகிய எல்லாவற்றையும் குடிவருமுன் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள். குடிவந்த மூன்றாம் மாதம் படிக்கட்டில் நின்று சொல்வதற்குப் பெயர் விதி அல்ல.

வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. பிடிப்பதானால் முதலிலேயே எழுதுங்கள். மின்விசிறி, கட்டில், கீசர், சுவர்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று தேதியோடு படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதிவிட்டதால் எல்லா விதியும் செல்லுபடியாகிவிடாது. முன்னறிவிப்பு இல்லாமல் அறைக்குள் நுழைய உரிமையாளருக்கு உரிமை இல்லை. எழுத்து மூலம் 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். வாடகை பாக்கி என்றாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். உரிமையாளர்களுக்கும் மனுவே வழி. பாக்கிக்கும் காலி செய்யாததற்கும் இந்தச் சட்டத்தின்கீழ் மனு போட வேண்டுமே தவிர, பூட்டை மாற்றக்கூடாது. இரு தரப்புக்கும் இதற்குக் கையில் வேண்டியது பதிந்த ஒப்பந்தம்.

பல அறைகளில் பெண்களைத் தங்கவைத்து விடுதியாக நடத்துவோர், வாடகை ஒப்பந்தம் போதும் என்று இருந்துவிட வேண்டாம். 2014-ஆம் ஆண்டு மகளிர், குழந்தைகள் விடுதிச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும்.

அட்வான்ஸ் பற்றி வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. வேறு தொகைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது உங்களைக் கட்டுப்படுத்தும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். அந்த ஒரு மாதம் எந்த நாளில் தொடங்கியது என்பதில்தான் அடுத்த சண்டை. எனவே சாவியை ஒப்படைக்கும்போது, தேதியும் மீட்டர் எண்ணும் எழுதிய தாளில் உரிமையாளரின் கையெழுத்தை வாங்கிய பிறகே வண்டியில் சாமான் ஏற்றுங்கள்.