விளையாட்டு விழாவும் நாட்டின் நலனும்

திருமணம் நிகழவிருக்கும் வீட்டிற்கு வெள்ளையடிப்பர். கிணற்றைத் தூர் வாருவர். பல ஆண்டுகள் ஒழுகிய கூரையையும் அப்பொழுதுதான் மாற்றுவர். விருந்தினர் இரண்டு நாளில் விடைபெறுவர். கூரையும் கிணறும் வீட்டாருக்கு எஞ்சும். பந்தலுக்கும் மேளத்திற்கும் மட்டுமே செலவு செய்த வீட்டிலோ கடன் ஒன்றே எஞ்சும். பன்னாட்டு விளையாட்டு விழாக்களைத் தன் மண்ணில் நடத்தும் நாட்டின் நிலையும் இத்தகையதே.

2030-ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டு விழாவை அகமதாபாத் நகரில் நடத்தும் வாய்ப்பு நம் நாட்டிற்குக் கிட்டியுள்ளது. 2036-ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விழாவையும் நாடு வேண்டி நிற்கிறது. எனவே இத்தகைய விழாக்களால் விளையும் பயன் யாது, அதில் கஞ்சிக்கோடு போன்ற ஊர்களில் பிழைப்பை நாடிக் குடியேறிய நம் குடும்பங்களின் பங்கு யாது என்று ஆராய்தல் நலம்.

நாடு விடுதலை பெற்று நான்கு ஆண்டுகள் நிறைவதற்கு முன்னரே, 1951 மார்ச்சில், முதலாவது ஆசிய விளையாட்டு விழா புது டில்லியில் நடந்தேறியது. 11 நாடுகள் கலந்துகொண்டன. 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் இடம்பெறாத ஜப்பான், டில்லியில் மற்ற நாடுகளோடு சமமாக நின்று பதக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 15 தங்கங்களுடன் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. போரால் பிரிந்த நாடுகளை ஒரே மைதானத்தில் கூட்டிய பெருமை புதிதாய்ப் பிறந்த குடியரசுக்கு வாய்த்தது. நன்மதிப்பு என்னும் இப்பயன் கணக்குப் புத்தகத்தில் ஏறாது. எனினும் அது சிறிதன்று.

மீண்டும் 1982 நவம்பரில் ஆசிய விழா டில்லிக்கு வந்தது. அவ்விழாவிற்கென ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் எழுந்தது. தலைநகரில் மேம்பாலங்கள் அமைந்தன. நாட்டில் வண்ணத் தொலைக்காட்சியும் அவ்வாண்டிலேயே தொடங்கிற்று. பாலக்காட்டாராகிய நாம் மறக்கலாகாத செய்தி மற்றொன்று உண்டு. கண்ணூர் மாவட்டத்தில் பிறந்து, பாலக்காடு மெர்சி கல்லூரியில் பயின்று, தெற்கு இரயில்வேயில் பணியேற்ற எம். டி. வல்சம்மா, அவ்வரங்கில் 400 மீட்டர் தடையோட்டத்தை 58.47 வினாடிகளில் ஓடித் தங்கம் வென்றார்.  தாய்நாட்டு மக்கள் ஆரவாரிக்க ஓடும் பேறு எல்லா வீரர்க்கும் கிட்டுவதன்று.

அவ்வரங்கங்களைக் கட்டிய கைகள் யாருடையவை? பல மாநிலங்களிலிருந்து டில்லிக்கு அழைத்து வரப்பட்ட கூலித் தொழிலாளருடையவை. நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு குறைந்தபட்சக் கூலியாக விதிக்கப்பட்டிருந்தது. ஆனால், ஆள் கொண்டுவந்த ஜமேதார்கள் ஒரு ரூபாயைத் தரகாகப் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு மட்டுமே கொடுத்தனர். இது உச்ச நீதிமன்றத்தின் முன் வழக்காக வந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23-ஆம் உறுப்பு தடை செய்யும் கட்டாய உழைப்பே ஆகும் என்று 1982 செப்டம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விழாவின் கொடிகள் இறங்கிவிட்டன; அத்தீர்ப்போ இன்றும் தொழிலாளருக்கு அரணாக நிற்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து உழைக்கும் நம்மவர்க்கு ஒரு தங்கப் பதக்கத்தினும் இது பெரிதல்லவா?

அண்மைக் காலத்திற்கு வருவோம். உருசியாவில் நடைபெறவிருந்த 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட், போரின் காரணமாக அங்கிருந்து மாற்றப்பட்டு, 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை மாமல்லபுரத்தில் நடைபெற்றது. ஏறத்தாழ நான்கே மாதங்களில் தமிழ்நாடு அரசு ஏற்பாடுகளை முடித்து, 180-க்கும் மேற்பட்ட நாட்டினரை வரவேற்றது. வேட்டி கட்டிய குதிரையாகிய 'தம்பி'யை உலகம் கண்டது. இவற்றினும் சிறந்த பயன் ஒன்று இருந்தது. பிற நாடுகள் பொதுப் பிரிவிலும் மகளிர் பிரிவிலும் ஒவ்வோர் அணியையே அனுப்ப, நடத்தும் நாடு என்ற முறையில் இந்தியாவிற்கு ஒவ்வொரு பிரிவிலும் மூன்று அணிகள் கிட்டின. 30 பேர் ஆடினர்.

பொதுப் பிரிவின் இரண்டாம் அணியில் ஐவருள் நால்வர் இருபது வயதிற்கு உட்பட்டவர். அவ்வணியே வெண்கலம் வென்றது. சென்னையைச் சேர்ந்த குகேஷ் முதற்பலகையிலும், நம் அண்டை மாவட்டமாகிய திருச்சூரைச் சேர்ந்த நிஹால் சரின் இரண்டாம் பலகையிலும் தனித் தங்கம் பெற்றனர். முதல் அணியில் இடம்பெறாத இளைஞர்க்கு இத்தகைய களம் வெளிநாட்டில் கிடைத்திருக்குமா? 2024-இல் புடாபெஸ்ட் நகரில் இந்திய ஆடவரும் மகளிரும் தங்கம் வென்றனர். குகேஷும் பிரக்ஞானந்தாவும் அந்த ஆடவர் அணியில் இருந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் குகேஷ் உலக வாகையர் ஆனார். இவ்வெற்றிகள் யாவும் மாமல்லபுரத்தால் மட்டுமே விளைந்தன என்று கூறுவது மிகையாகும். எனினும், வீட்டில் நடந்த விருந்தில் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக இலை போடப்பட்டது என்பது உண்மை.

இலை போட்ட பின்னும் கையைப் பிடித்து இழுத்ததுண்டு. 2017-இல் ஆசியத் தடகளப் போட்டியை நடத்துவதிலிருந்து ராஞ்சி விலகியபொழுது, புவனேசுவரம் அதனை ஏற்றுக் கலிங்கா அரங்கத்தை 90 நாட்களில் ஆயத்தம் செய்தது. பாலக்காட்டை அடுத்த முண்டூரைச் சேர்ந்த பி. யு. சித்ரா அங்கு 1500 மீட்டரில் தங்கம் வென்றார். ஆயினும், அவ்வாண்டு லண்டனில் நடந்த உலகப் போட்டிக்கான அணியில் அவர் பெயர் சேர்க்கப்படவில்லை. அவரைச் சேர்க்குமாறு கேரள உயர் நீதிமன்றம் பணித்தது. அதற்குள் பெயர் கொடுக்கும் காலம் கடந்துவிட்டது. அரங்கம் கட்டுவது போதாது, அதில் வென்ற எளிய குடும்பத்துப் பெண்ணுக்கு உரிய இடமும் அளிக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

செலவின் பக்கத்தையும் மறைத்தல் முறையன்று. 1976-இல் ஒலிம்பிக் நடத்திய கனடாவின் மாண்ட்ரியால் நகரம், அக்கடனை அடைத்து முடித்தது 2006-இல். 2010-ஆம் ஆண்டு டில்லிக் காமன்வெல்த் விழாவில் நம் வீரர்கள் 101 பதக்கங்கள் ஈட்டி நாட்டை இரண்டாமிடத்திற்கு உயர்த்தினர். ஆயினும், ஏற்பாடுகளில் நேர்ந்த முறைகேடுகள் வீரரின் புகழை மங்கச் செய்தன.

ஆகவே, அடுத்த விழா வருமுன் குடிமக்களாகிய நாம் மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். கட்டும் தொழிலாளிக்கு முழுக் கூலி கிடைக்கின்றதா? விழா முடிந்த பின் அரங்கத்தின் கதவு பள்ளிச் சிறார்க்குத் திறந்திருக்குமா? தலைநகரில் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பகுதியேனும் சிற்றூரின் மைதானத்திற்கு வருமா? இம்மூன்றிற்கும் 'ஆம்' என்ற விடை கிடைப்பின், விழாவிற்கு ஆகும் செலவு விதைநெல்லாகும், இன்றேல் வாணவேடிக்கையாகும்.

சங்கத்து அன்பர்களுக்கும் ஒரு சொல். ஆலையில் இரவு முறை முடித்து வரும் தந்தையும், வீட்டு வேலையில் களைத்த தாயும், பிள்ளை மைதானத்திற்குச் சென்றால் படிப்புக் கெடும் என அஞ்சுகின்றனர். பெண் குழந்தை என்றால் அச்சம் இருமடங்கு. அவ்வச்சத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால், நாம் பணிபுரியும் இரயில்வேயில் விளையாட்டில் சிறந்தோர்க்கென்றே வேலையிடங்கள் ஒதுக்கப்படுகின்றன என்பதை அறிக. வல்சம்மாவும் சித்ராவும் ஓடிப் பழகியது நம் மாவட்டத்து மண்ணிலேதான். அடுத்த விழாவில் நம் வீட்டுப் பிள்ளைக்கும் ஓர் இலை விழ வேண்டுமாயின், இன்று மாலை ஒரு மணி நேரம் அவனையும் அவளையும் மைதானத்திற்கு அனுப்புவோம்.