இரண்டாம் விருப்பம் தீர்த்த தேர்தல்

ஹைதராபாத்தில் வாழும் தமிழன்பர் சிலர் தேர்தற் காலங்களில் ஓர் ஐயம் எழுப்புவதுண்டு. சொற்ப வித்தியாசத்தில் வென்றவரை நாடு முழுவதும் எவ்வாறு தலைவராக ஏற்கும் என்பதே அது. 1969-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலை இங்கு நினைவுகூர்வது தகும்.

இந்நகரிற் பிறந்த டாக்டர் ஜாகிர் உசேன் அவ்வாண்டு மே 3-ஆம் நாள் பதவியிலிருக்கையிலேயே காலமானார். அடுத்து நடந்த தேர்தலில் 15 பேர் நின்றனர். காங்கிரஸின் அபேட்சகர், ஆந்திரப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சராக இந்நகரிலிருந்து ஆட்சி புரிந்த நீலம் சஞ்சீவ ரெட்டி. சுயேச்சையாக நின்றவர் வி.வி. கிரி. பிரதமர் இந்திரா காந்தியோ, மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்றார். காங்கிரஸ் இரண்டுபட்டது.

இத்தேர்தலில் வாக்காளர், அபேட்சகர்களை 1, 2, 3 எனத் தம் விருப்ப வரிசையில் குறிக்கின்றனர். பாதிக்கு மேல் எவரும் பெறாவிடில், கடைசியில் நிற்பவர் நீக்கப்பட்டு, அவருடைய சீட்டுகள் அடுத்த விருப்பத்தின்படி பிறருக்குச் சேரும். ஆகஸ்டு 20-இல் எண்ணியபோது கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. தேவையானதோ 4,18,169. தேஷ்முக் உள்ளிட்டோரின் சீட்டுகளைப் பிரித்ததில் கிரிக்கு 18,562-ம், ரெட்டிக்கு ஏறத்தாழ ஐந்து மடங்காக 91,879-ம் கூடின. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427.

இவை தலைக்கணக்கல்ல, வாக்கின் மதிப்புக் கணக்கு. அன்று நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்குக்கு மதிப்பு 576. ஆகவே, கிரியை ஆதரித்தோரில் 13 பேர் ரெட்டியின் பக்கம் சாய்ந்திருந்தால் முடிவே மாறியிருக்கும்!

இத்துணை நெருக்கமான முடிவு நின்றது எங்ஙனம்? எண்ணுமிடத்தில் அபேட்சகரும் அவர்தம் பிரதிநிதிகளும் இருக்க விதி இடந்தருகிறது. ஐயமுற்றோர் தெருவை நாடவில்லை. உச்ச நீதிமன்றத்தை நாடினர். ரெட்டியை இழித்துரைத்த பெயரிலாத் துண்டறிக்கை ஒன்று உறுப்பினரிடையே பரவியது அவர்களது முறையீடுகளில் முக்கியமானது. பதவியிலிருந்த குடியரசுத் தலைவர் நேரில் வந்து சாட்சியம் அளித்தார். எனக்கு இவ்வழக்கில் வியப்பூட்டுவது தீர்ப்பைவிட இக்காட்சியே. துண்டறிக்கையில் கிரிக்குத் தொடர்பு உண்டென நிரூபிக்கப்படவில்லை. 1970-இல் மனுக்கள் தள்ளுபடியாயின.

ரெட்டி 1977-இல் மீண்டும் மனுத்தாக்கல் செய்தார். பிற மனுக்கள் யாவும் தள்ளப்பட்டமையால் போட்டியின்றித் தேர்வானார். அம்முறை எண்ணுவதற்கு வாக்குச்சீட்டே இருக்கவில்லை.