மர்மக் கதைகளின் நிலமும் பொழுதும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் புறநகர்த் தொடர்வண்டிப் பாதையில் உள்ள நிலையங்களுள் ஒன்று பல்லாவரம். அவ்வூரில் வாழ்ந்த மறைமலையடிகளைத் (1876–1950) தமிழுலகம் தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையாகவும், சைவ நூற்கடலில் ஆழ்ந்தவராகவும் அறியும். அவர் ஒரு காதற்புதினமும் எழுதினார் என்பதைப் பலர் அறியார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தமிழாசிரியப் பணியை விட்டு அவர் விலகிய 1911ஆம் ஆண்டிலேயே, ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ வெளிவந்தது. அது ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் காக்கேசிய மலைநாட்டைக் களமாகக் கொண்டு எழுதிய கதையின் தழுவல். அடிகள் அக்கதையை நாகநாட்டிற்கு மாற்றித் தமிழ்ப் பெயர் சூட்டி, தம் செந்தமிழ் நடையில் வழங்கினார்.

ரெயினால்ட்ஸ் (1814–1879) சாதாரண எழுத்தாளர் அல்லர். தம் காலத்தில் பெரும்புகழ் பெற்றவர். இலண்டன் மாநகரின் இருண்ட சந்துகளையும் மாளிகை இரகசியங்களையும் மலிவு விலை வெளியீடுகளாக எழுதிக் குவித்தார். திறனாய்வாளர்கள் இகழ்ந்தனர், தொழிலாளர் விரும்பிப் படித்தனர். இந்தியாவிலும் அவருக்கு வாசகர் மிகுதி. ‘ஆனந்தபோதினி’ இதழின் ஆசிரியர் ஆரணி குப்புசாமி முதலியார் அவருடைய கதைகளைத் தொடர்ந்து தழுவி எழுதினார். அதே காலத்தில் ஜே. ஆர். ரங்கராஜு ‘இராஜாம்பாள்’ புதினத்தில் துப்பறியும் கோவிந்தனையும், வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரையும் படைத்தனர். தமிழ்ப் புதினம் தோன்றி (1879) அரை நூற்றாண்டு முடிவதற்குள், காதலும் மர்மமும் கலந்த கதைகளுக்குப் பெரியதொரு வாசகர் கூட்டம் உருவாகிவிட்டது.

இக்கதைகளை ‘மேலைநாட்டுச் சரக்கு’ என்று ஒதுக்குவது எளிது. வடிவம் அங்கிருந்து வந்தது உண்மை. எனினும், களத்தைக்கொண்டே உணர்ச்சியை எழுப்பும் முறை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. பாத்திரம் பேசுவதற்கு முன்பே மலையும் யாமமும் பேசத் தொடங்கிவிடுகின்றன. குறிஞ்சித்திணையின் இரவுக்குறியை எண்ணிப் பார்க்கலாம். கூதிர்கால நள்ளிரவு, மழை, யானையும் புலியும் திரியும் மலைவழி, அவ்வழியே தலைவன் வருகிறான். அவன் வருவானோ என்னும் ஏக்கமும், வந்தால் வழியில் என்ன நேருமோ என்னும் அச்சமும் தலைவி நெஞ்சில் ஒருங்கே நிற்கின்றன. காதலையும் அச்சத்தையும் ஒரே இருளில் நிறுத்துவதைத்தான் இன்றைய மர்மக் காதற்கதையும் செய்கிறது. பாழடைந்த மாளிகையும், பூட்டிய அறையும், இரவில் கேட்கும் கொலுசொலியும் அதன் கருப்பொருள்கள் எனலாம்.

சூழல் வெறும் அலங்காரமாக நின்றால் கதை விரைவில் சலித்துவிடும். நல்ல மர்மக்கதையில் சூழல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. அது அச்சத்தை வளர்க்கிறது. அதே நேரத்தில் உண்மைக்கான தடயத்தையும் தன்னுள் மறைத்து வைக்கிறது. சுஜாதாவின் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’ இதற்குத் தக்க சான்று. நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்ட நகரத்திலிருந்து கல்யாணராமன் திருநிலம் என்னும் சிற்றூருக்கு வருகிறான். பழைய ஜமீன் மாளிகையில் தங்குகிறான். வாசகர் முதலில் ஊரின் அழகில் மயங்குகிறார். பிறகு மாளிகையின் இருளில் தயங்குகிறார். பாடல்கள் கதைக்கு மணமூட்டும் அணியாகவே தோன்றுகின்றன. மர்மத்தின் முடிச்சு அவற்றோடும் பிணைந்திருப்பது பின்னரே விளங்குகிறது. களத்தை நீக்கினால் அக்கதையே இல்லை. அவருடைய ‘கொலையுதிர் காலம்’ இன்னும் ஒருபடி செல்கிறது. அங்கே காணும் அமானுடக் காட்சிகளுக்கு வழக்கறிஞர் கணேஷ் அறிவியல் விளக்கம் தேடுகிறார். உதவியாளன் வசந்தின் மனம் எளிதில் அமைதி அடைவதில்லை. படிப்பவர் மனமும் அவ்விருவருக்கும் இடையே ஊசலாடுகிறது.

இத்தகைய நூல்கள் எங்கே படிக்கப்பட்டன என்பதும் அறியத்தக்கது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஏறக்குறைய ஒரு மணிநேரப் பயணம். குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் குடியேறி நகரத்தில் வேலை பார்த்தவர்க்கு அந்த ஒரு மணிநேரம் நாள்தோறும் இருமுறை வாய்த்தது. அலுவலகக் கோப்பும் வீட்டு வாடகையும் கைக்கெட்டாத நேரம் அது. 1969இல் ‘ராணிமுத்து’ தொடங்கியபின் திங்கள்தோறும் ஒரு முழுப்புதினம் மலிவு விலையில் கிடைத்தது. ‘மாலைமதி’யும் பின்னர்ப் பாக்கெட் நாவல்களும் தொடர்வண்டி நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கின. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் துப்பறியும் கதைகளும், ரமணிச்சந்திரனின் குடும்பக் காதற்கதைகளும் அக்கடைகளை நிறைத்தன. தொடர்பற்ற இரு நிகழ்ச்சிகளை மாறிமாறிச் சொல்லி இறுதியில் இணைக்கும் ராஜேஷ்குமாரின் உத்தி, நிலையத்துக்கு நிலையம் கவனம் சிதறும் வாசகருக்கு மிகவும் பொருந்தியது. தன் நிறுத்தத்தைத் தவறவிட்டவரும் இருந்திருக்கக்கூடும்.

இவை உண்மை வாழ்விலிருந்து தப்பியோடச் செய்யும் எழுத்து என்பதே இவற்றின்மீது சாட்டப்படும் பெருங்குற்றம். அதில் உண்மை இல்லாமலில்லை. அவசரத்தில் எழுதப்பட்டவை பல. ஒரே அச்சில் வார்த்த கதைமாந்தர் பலர். பெண்ணை அழகுப் பொருளாகவும் பிணமாகவும் மட்டுமே காட்டிய கதைகளும் உண்டு. அவற்றை உயர்ந்த இலக்கியம் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் தப்பிக்க விழைபவர் யார், எதிலிருந்து தப்பிக்கிறார் என்னும் வினாக்களைக் கேளாமல் தீர்ப்பளிப்பது முறையாகாது. வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960) தம் முதற்படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தைத் தாமே எழுத இயலாத நிலையில், தோழி பட்டம்மாள் எழுத வாய்மொழியாகச் சொன்னார். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று, மர்மமும் குடும்பச் சிக்கலும் பின்னிய கதைகளை அதில் தொடர்ந்து எழுதினார். அவற்றை ஆவலோடு படித்தவர்களுள் வீட்டைவிட்டு வெளியே செல்ல வாய்ப்பற்ற பெண்கள் பலர். கதையின் அடுத்த பகுதியை அறியும் விருப்பமே சிலரை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தூண்டியிருக்கும். அக்கதைகளின் வழியே அவர்கள் கண்டது, தங்கள் அடுக்களைச் சுவருக்கு அப்பால் உள்ள உலகம்.

மறைமலையடிகளின் எழுத்துப் பயணமும் இங்கு நினைக்கத்தக்கது. முன்பின் காணாத மலைநாட்டைத் தமிழில் எழுப்பிய அதே கை, பின்னர் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ என்னும் மற்றொரு காதற்புதினத்தை எழுதியது. இம்முறை தழுவல் இல்லை. தொலைதூர அரசியும் இல்லை. இளமையிலேயே கைம்பெண்ணான ஒருத்தி, தான் விரும்பும் ஒருவனுக்குக் கடிதம் எழுதுகிறாள்.