சாரலும் கிரீம் பிஸ்கட்டும்

ஆனி பிறந்து மேல்காற்று வலுத்துவிட்டால் தென்காசி வீடுகளுக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு திரும்பும் பிள்ளைகளுக்கு ஏதாவது தின்னக் கொடுக்கவேண்டும். கடையில் வாங்கும் கிரீம் பிஸ்கட்டை நாமே வெண்ணெய் போட்டுச் செய்தால் என்ன என்று ஒரு வீட்டில் தோன்றுகிறது. முதல் நாள் இரவு செய்கிறார்கள். சுட்டு எடுத்த வட்டங்கள் முறுமுறுவென்று இருக்கின்றன. நடுவே ஏலக்காய் கிரீம் தடவி, ஜோடி சேர்த்து, டப்பாவில் அடுக்கி மூடுகிறார்கள். மறுநாள் மாலை திறந்தால் எல்லாம் நமத்துக் கிடக்கின்றன. "சாரல் காலம், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிச் சமாதானம் அடைகிறார்கள்.

பழியைச் சாரல் மேல் போடுவது எளிது. ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் குற்றவாளி வேறு இடத்தில் இருப்பது தெரியும்.

முதலில் சாரலைப் பார்த்துவிடுவோம். மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கம் தாழ்ந்து ஒரு கணவாயாக இருக்கிறது. அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த வழியாகப் புகுந்து தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் பூந்தூறலாக இறங்குகிறது. அதே நாளில் கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் திருநெல்வேலியில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். குற்றாலத்தில் உப்பு ஜாடி கசியும். துவைத்த துணி இரண்டு நாள் ஆனாலும் காயாது. பஞ்சு மிட்டாய் வாங்கிய குழந்தை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அது சுருங்கிப் பிசுபிசுத்துவிடும்.

இந்தப் பஞ்சு மிட்டாயைக் கொஞ்சம் கவனியுங்கள். பிஸ்கட்டின் இரகசியம் அதில்தான் இருக்கிறது. சீனியை உருக்கிச் சட்டென்று குளிரவைத்தால் அதன் மூலக்கூறுகளுக்கு ஒழுங்காக அணிவகுத்துப் படிகமாக நேரம் கிடைப்பதில்லை. இருந்த இருந்த இடத்திலேயே உறைந்துபோகின்றன. ஜன்னல் கண்ணாடியும் இப்படி உறைந்த பொருள்தான். ஆகவே இந்நிலையைக் கண்ணாடி நிலை என்கிறார்கள். கண்ணாடி வளையாது, உடையும். பிஸ்கட்டில் உள்ள சீனி, ஸ்டார்ச்சு, புரதம் ஆகியவற்றில் பெரும்பகுதி இந்த நிலையில்தான் இருக்கிறது. பல் பட்டதும் அது நொறுங்குவதையே நாம் முறுமுறுப்பு என்று சுவைக்கிறோம். ஆனால் தண்ணீர் மூலக்கூறு மிகச் சிறியது. அது உள்ளே நுழைந்தால் வண்டி அச்சுக்கு எண்ணெய் போட்டாற்போல் பெரிய மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க ஆரம்பித்துவிடும். கண்ணாடி நெகிழ்ந்து தோல் போலாகும். பிஸ்கட் நமத்துவிட்டது என்பதற்கு இதுதான் பொருள். நல்ல பிஸ்கட்டில் எடையில் 3 சதவீதம் போலத்தான் ஈரம் இருக்கும். அது 6 சதவீதத்தைத் தொட்டால் போதும், நமத்துவிடும்.

ஆக, பிஸ்கட் சுடுவது என்பது தண்ணீரை விரட்டும் வேலை. அளவைச் சொல்லிவிடுகிறேன்: மைதா 200 கிராம், அரிசி மாவு 30 கிராம், வெண்ணெய் 120 கிராம், பொடித்த சீனி 70 கிராம், சிட்டிகை உப்பு. இதில் சுமார் 60 சிறு வட்டங்கள், அதாவது 30 ஜோடி கிடைக்கும். இந்த மாவில் நாம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. ஆனாலும் தண்ணீர் இருக்கிறது. கடையில் விற்கும் வெண்ணெயில் 16 சதவீதம் வரை தண்ணீர் உண்டு; வீட்டில் கடைந்து திரட்டியதில் இன்னும் கூடுதலாகவே இருக்கலாம். காய்ந்த மாவென்று நாம் நினைக்கும் மைதாவிலும் எட்டில் ஒரு பங்கு ஈரம்தான். இரண்டும் சேர்ந்து 45 கிராம் அளவுக்கு வந்துவிடும். அதில் முக்கால் பங்கை ஆவியாக்கி வெளியேற்றியாகவேண்டும்.

வெண்ணெயையும் சீனியையும் முதலில் வெளுக்கும்வரை தேய்த்துக் குழைத்து, பிறகு மாவைக் கொட்டி விரல் நுனியால் சேர்த்துப் பிடியுங்கள். சப்பாத்தி மாவைப்போல் அடித்துப் பிசையவேண்டாம். மைதாவிலுள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து பிசைபட்டால் குளூட்டென் என்ற ரப்பர் வலையாகிறது. பரோட்டாவுக்கு அந்த வலை வேண்டும். குற்றாலத்து பரோட்டாக் கடைகளில் மாவைப் பிசைந்து, ஊறவிட்டு, வீசுவதெல்லாம் அதற்காகத்தான். பிஸ்கட்டுக்கு அது பகை. கொழுப்பு மாவுத் துகள்களைச் சுற்றிப் போர்த்திக்கொண்டால் தண்ணீர் அவற்றை எட்டாது, வலையும் உருவாகாது. அரிசி மாவில் குளூட்டெனுக்கு இடமே இல்லை. அதனால்தான் அதில் ஒரு பிடி சேர்க்கிறோம்.

இங்கே சாரலுக்கு ஒரு நன்றியும் சொல்லவேண்டும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி சென்டிகிரேடுக்குள் உருகிவிடும். சித்திரை வெயிலில் தென்காசியில் இந்த மாவைத் தொட்டால் கையில் வழிந்தோடும். சாரல் நாளின் குளிர்ச்சியில் அது தானாகவே இறுகி நிற்கும்; மெல்லியதாகத் தேய்த்து வெட்டலாம். பிஸ்கட் செய்வதற்கு இது நல்ல காலம், வைத்திருப்பதற்குக் கெட்ட காலம்.

வெட்டிய வட்டங்களில் முள்கரண்டியால் நாலைந்து குத்துக் குத்துங்கள். கடைப் பிஸ்கட்டில் காணும் துளைகள் வெறும் அலங்காரம் அல்ல. லண்டனில் பீக் பிரீன் நிறுவனத்தார் 1910-இல் கொண்டுவந்த போர்பன் பிஸ்கட்டிலும் அவை உண்டு. ஆவி வெளியேற வழி இல்லாவிட்டால் பிஸ்கட் பூரிபோல் உப்பிவிடும். அப்புறம் கிரீம் தடவித் தட்டையாக ஒட்டவைப்பது எப்படி?

மின்சார அடுப்பு இருந்தால் 160 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் போதும். இல்லாதவர்கள் அடிகனமான பழைய சட்டியில் இரண்டு விரல் உயரம் மணல் பரப்பி, ஒரு வளையத்தின் மேல் தட்டை வைத்து மூடிச் சுடலாம். சட்டியைக் கால் மணி நேரம் முன்கூட்டியே சூடாக்கவேண்டும். ஒரு தகரத் தட்டில் சிட்டிகை மைதாவைத் தூவி உள்ளே வையுங்கள். ஐந்து நிமிடத்தில் இளம்பழுப்பானால் சூடு சரி. பிரஷர் குக்கரை இதற்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் குக்கரின் பாதுகாப்பு வால்வு கெட்டுப்போகக்கூடும். அடுத்த முறை பருப்பு வேகவைக்கும்போது ஆபத்து. எந்தச் சட்டியானாலும் மூடியை ஓர் ஓரத்தில் சற்றுத் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் மாவிலிருந்து கிளம்பிய ஆவி மூடியில் முத்து முத்தாகக் கோத்து பிஸ்கட்டின் மேலேயே சொட்டும்.

எப்போது எடுப்பது? நிறத்தைப் பாருங்கள். சர்க்கரைச் சத்தும் புரதமும் சூட்டில் கூடிப் பழுப்பு நிறமும் மணமும் தருவதை 1912-இல் மயார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி எடுத்துச் சொன்னார். இந்த வினை 140 டிகிரிக்கு மேல்தான் விறுவிறுப்பாக நடக்கும். ஈரம் தாராளமாக இருக்கும் இடம் 100 டிகிரியைத் தாண்டி அதிகம் சூடேறாது. ஆகவே ஓரம் பழுத்திருந்தால் ஓரம் காய்ந்துவிட்டது என்று பொருள். நடுப்பகுதியும் இளம்பொன் நிறம் காட்டும்வரை பொறுத்திருங்கள். எடுத்தவுடன் பிஸ்கட் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று மறுபடி வைத்துக் கருக்கிவிடாதீர்கள். உருகிய சீனி குளிர்ந்து கண்ணாடி நிலையை அடைந்த பிறகுதான் முறுமுறுப்பு வரும். ஒரு கம்பி வலைமேல் ஆறவைத்து, கைச்சூடு போனதும் உடனே டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள்.

இனி கிரீமுக்கு வருவோம். வழக்கமாகச் சொல்லப்படும் முறை: வெண்ணெய் ஒரு பங்கு, பொடித்த சீனி இரண்டு பங்கு. நம்முடைய 30 ஜோடிக்கு 80 கிராம் வெண்ணெயும் 160 கிராம் சீனியும் ஆகும். அந்த வெண்ணெயில் 16 சதவீதம் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 13 கிராம். முன்பு அடுப்பின் சூடு வெண்ணெயின் தண்ணீரை விரட்டியது. கிரீமோ அடுப்புக்கே போவதில்லை. அந்த 13 கிராமும் பிஸ்கட் நடுவே அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஜோடி வில்லைகளின் எடை 12 கிராம். 3 சதவீதம் என்றால் அதிலுள்ள ஈரம் 0.36 கிராம். கிரீம் தன்னுடன் கொண்டுவருவது 0.43 கிராம்! அது முழுவதும் வில்லைகளில் இறங்கினால் ஈரம் 6 சதவீதத்தைத் தாண்டிவிடும். கிரீம் இளக்கமாக வரட்டும் என்று ஒரு மேசைக்கரண்டி பால் விட்டால் இன்னும் ஒரு மடங்கு தண்ணீர்.

சீனி அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். முழுதும் கரைந்து தெவிட்டிய சீனிப்பாகுக்கு 85 சதவீத ஈரப்பதமுள்ள காற்றோடுதான் சமநிலை. காய்ந்த பிஸ்கட் அதைவிட எவ்வளவோ வறண்டது. எனவே பாகிலிருந்து தண்ணீர் பிஸ்கட்டுக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும். நகர நகரச் சீனி மறுபடி படிகமாகும். மிச்சமுள்ள பாகு பழைய தெவிட்டிய நிலையிலேயே இருக்கும். தண்ணீர் தீரும்வரை இது ஓயாது. கொழுப்பு சுற்றிலும் இருப்பதால் உடனே நடக்காமல் ஒரு நாள், இரண்டு நாள் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

சரி, டப்பாவுக்குள் இருந்த சாரல் காற்று எவ்வளவு தண்ணீர் தந்திருக்கும்? 27 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 26 கிராம் நீராவியைத் தாங்கும். டப்பாவில் மூன்று லிட்டர் காற்று இருந்தால் அதில் 0.08 கிராம்கூட இல்லை. கிரீம் கொண்டுவந்த 13 கிராமுக்கு ஈடாக வேண்டுமானால் டப்பாவின் காற்று முழுவதையும் நூற்று அறுபது தடவைக்கு மேல் மாற்றவேண்டும்! இறுக்கமான மூடி இருந்தால் சாரல் உங்களை ஒன்றும் செய்யாது. தட்டில் பரப்பித் திண்ணையில் வைத்தால் கதை வேறு; அங்கே காற்று வந்துகொண்டே இருக்கிறது.

தண்ணீர் இல்லாத வெண்ணெய் கிடைக்குமா? நம் வீட்டு அடுக்களையில் காலங்காலமாக இருக்கிறதே! வெண்ணெய் உருகும்போது சடசடவென்று சத்தம் கேட்கிறதல்லவா, அது தண்ணீர் விடைபெறும் சத்தம். சத்தம் அடங்கினால் நெய். அதில் நூற்றுக்கு அரைப் பங்குகூட ஈரம் இராது. கிரீமை நெய்யில் செய்யுங்கள். முருங்கைக்கீரை போட்டுக் காய்ச்சிய நெய் சோற்றுக்குச் சிறப்பு, இதற்கு வேண்டாம்.

நெய்யில் ஒரு சங்கடம், மணல் மணலாக உறையும் குணம். மெதுவாகக் குளிர்ந்தால் கொழுப்பு பெரிய படிகங்களாக வளரும். வேகமாகக் குளிரவைத்தால் எண்ணற்ற சிறு படிகங்களாகி வெண்ணெய்போல் வழவழப்பாகும். ஆகவே உருக்கிய நெய் 70 கிராமை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, குளிர்ந்த நீரில் கிண்ணத்தை நிறுத்தி, கரண்டியால் விடாமல் கலக்குங்கள். ஐஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. கிண்ணத்துக்குள் மட்டும் ஒரு துளி தெறிக்கக்கூடாது. களிம்புபோல் வெளுத்து வந்ததும் 160 கிராம் சீனிப்பொடியும், இரண்டு மேசைக்கரண்டி பால் பொடியும் சேர்த்துக் குழைக்கவேண்டும். சீனி கொழுப்பில் கரையாது, துகளாகவே நிற்கும். அதனால் மிக்சியில் அரைத்து மெல்லிய துணியில் சலித்தால்தான் நாக்கில் நெருடாது.

வாசனைப் பொருள்களுக்கும் அதே விதிதான்: ஈரம் கூடாது. ஏலக்காய், சுக்கு, உடனடிக் காப்பித்தூள், கோகோ எல்லாம் உலர்ந்தவை. ஏலத்தின் மணப்பொருள் கொழுப்பில் நன்றாகக் கரைந்து தங்கும். சீசனில் குற்றாலக் கடைகளில் குவியும் மங்குஸ்தான், ரம்புட்டான் பழங்களைக் கண்டு ஆசைப்படாதீர்கள். அவற்றின் சதை பெரும்பாலும் தண்ணீர். தோலுரித்து வாயில் போடுவதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை. எலுமிச்சை வேண்டுமா? சாற்றை விட்டுவிட்டுத் தோலைப் பிடியுங்கள். மணம் தோலிலுள்ள எண்ணெய்ப் பைகளில்தான் இருக்கிறது. புளியங்குடிச் சந்தைப் பழம் இரண்டை எடுத்து, வெள்ளைப் பகுதி வராமல் பச்சைத் தோலை மட்டும் துருவி, சீனிப்பொடியோடு கசக்கி, இளஞ்சூடான சட்டியருகே சற்று உலரவிட்டுக் கிரீமில் சேர்த்தால் போதும். கருப்பட்டிக் கிரீம் செய்யவேண்டும் என்று நம் பக்கத்தார் யாரும் கேட்பார்கள். அதில் காற்றின் ஈரத்தை இழுக்கும் குளுக்கோசும் பிரக்டோசும் கொஞ்சம் உண்டு. சாரல் காலத்தில் உடனே தின்று தீர்ப்பதானால் மட்டும் செய்யலாம்.

நெய்க் கிரீம் வெயில் காலத்தில் நிற்காது என்பதையும் சொல்லிவிடவேண்டும். கடைக் கிரீம் நிற்பதற்குக் காரணம் அதில் பால் கொழுப்புக்குப் பதில் இறுகிய தாவரக் கொழுப்பு இருப்பதுதான். ஒரு காலத்தில் வனஸ்பதி அந்த வேலையைச் செய்தது. அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்பு இருதயத்துக்குக் கெடுதல் என்று தெரிந்தபின், எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பங்குனி, சித்திரையில் உங்கள் கிரீம் வழிகிறதென்றால் டப்பாவைக் குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல் அரை மணி விட்டுத் திறந்தால் பிஸ்கட்டின் மேல் காற்றின் ஈரம் வேர்க்காது.

வெண்ணெய்க் கிரீமின் ருசிதான் வேண்டும் என்கிறவர்கள் வில்லைகளைத் தனியாகவும் கிரீமைத் தனியாகவும் வைத்திருந்து, விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போது தடவிக்கொள்ளலாம். தடவாத வில்லை நமத்துப்போனால் கவலையில்லை. 120 டிகிரிச் சூட்டில் ஏழெட்டு நிமிடம் காட்டினால் ஈரம் போய், ஆறியதும் பழையபடி முறுகும். தடவியது நமத்துவிட்டால் கிரீமை வழித்தெடுத்துவிட்டு வில்லையை மட்டும் சூடுகாட்டுங்கள். வழித்த ஏலக்காய்க் கிரீமைச் சூடான பாலில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினால் அருவியில் நனைந்து வந்த பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.